மருந்து ஊறிய துண்டு

என் உயிரான அண்ணே,

நீ போன பிறகும் மூன்று முறை என் முன்னால் வந்து நின்றாய். கொல்லையில் இல்லை, கனவிலும் இல்லை. நான் வேலை பார்க்கும் லேபில், கம்ப்யூட்டர் திரையில்.

போன வாரம் மதினி கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு சாக்குப்பையோடு லேப் வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே, மல்லிகைக் கொல்லையில் நீ விழுந்து கிடந்தபோது போட்டிருந்த துண்டும், பக்கத்தில் உருண்டு கிடந்த பாட்டிலும். செத்தவர் துணியை யாராவது வைத்திருப்பார்களா?

"பூச்சிமருந்து குடிச்சுத்தான் ஒங்க அண்ணன் செத்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒங்க மெஷின்லயே பாத்துச் சொல்லுங்க" என்றாள். அழவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். அதற்கு முதல் நாள் நீயும் மதினியும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. போலீசுக்குப் பயந்து வெளியே மாரடைப்பு என்று சொல்லி உன்னை எடுத்துவிட்டோம். ஆனால் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "ஒன் வாய்தான்டி எங்கண்ணனக் கொன்னுச்சு" என்று மதினியைப் பார்த்துக் கத்தினேன்.

"அங்கிட்டு ஒனக்கு என்னதான் வேலை?" என்று நீ கேட்கும்போதெல்லாம் மழுப்புவேன். இப்போது கேள். துண்டை ஊறவைத்த திரவத்தில் ஒரு சொட்டு மெஷினுக்குள் விட்டால், கலந்திருப்பதெல்லாம் ஆவியாகித் தனித்தனியாகப் பிரிந்து, காற்றே இல்லாத அறைக்குள் போகும். அங்கே எலக்ட்ரான்கள் மோத, மூலக்கூறுகள் மின்னூட்டம் ஏறி உடைந்து சிதறும். அந்தச் சில்லுகளை மெஷின் எடைவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும். மண்பானை ஒரு தடவை உடைந்தது மாதிரி மறு தடவை உடையாது. ஆனால் ஒரு மருந்து எத்தனை தடவை உடைந்தாலும் அதே சில்லுகள்தான். அதை வைத்தே இன்ன மருந்து என்று சொல்லிவிடுவோம்.

பாட்டிலில் காய்ந்திருந்தது வெறும் மோர். மருந்து துளியும் இல்லை, அண்ணே. துண்டிலோ மருந்தின் கோடுகள் திரையை முட்டின. தோளில் மாட்டி மருந்தடிக்கிற டேங்க் ஒழுகினால், சட்டை நனையாமல் இருக்க முதுகில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வாயே! அந்த ஈரத்துண்டுதான் பகலெல்லாம் உன் தோல் வழியாக மருந்தை ஏற்றியிருக்கிறது. ஐயோ, நம் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தானே செய்கிறார்கள்?

பிறகு மெஷினைக் கழுவ, ஒன்றுமே கலக்காத சுத்தத் திரவத்தை விட்டேன். அதிலும் அதே கோடுகள். மறுபடி விட்டேன். மறுபடியும் வந்தன. மூன்றாவது தடவையும். முந்தினதன் மிச்சம் குழாயில் ஒட்டிக்கொண்டு இப்படி வருவது சகஜம்தான். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. "போயிருண்ணே, நான் சொல்லிர்றேன்" என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன்? நாலாவது தடவை திரை வெறுமையாக இருந்தது.

நாளைக் காலை பஸ்ஸில் ஊருக்கு வாரேன். அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்ட அத்தனை சனத்தையும் கூட்டி வைத்து, மதினி காலைப் பிடித்து, "எங்கண்ணன் மருந்து குடிக்கல, நான்தான் அபாண்டம் பேசினேன்" என்று சொல்வேன். அவள் என்னை மன்னிக்க வேண்டாம். அன்று சாயங்காலம் நீ அவளிடம் திரும்பி வரத்தான் இருந்தாய் என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

உன் கூடப்பிறந்த அவசரக்காரி,
தங்கச்சி மலர்