கிரேஸ் கட்டிலுக்கு மேல்பூச்சு

டிசம்பர் 9, 1973. ஞாயிறு

காலையில் தூறல். ஆராதனை முடிந்து வரும்போது வெயில்.

நேற்று வந்த கடிதத்தை இன்று நான்கு தரம் படித்தேன். என் மனைவி கிரேஸின் கையெழுத்து. 22ஆம் தேதி சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து விடுகிறார்களாம். சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவையும் வந்துவிட்டதாம். இனி யாருக்கும் ஒட்டாதாம். எட்டு மாதம். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

டாக்டர் சொன்னதாக எழுதியிருப்பவை:
தரையில் படுக்கக் கூடாது.
புகை, ஈரம், கடுமையான நெடி ஆகாது.
மாத்திரை ஒரு நாளும் விடக் கூடாது.
தினமும் முட்டை.

அடியில் ஒரு வரி: "இங்க எல்லாம் வெள்ளைக் கட்டில், வெள்ளைச் செவுரு. பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

வீட்டில் கட்டில் கிடையாது. இருந்த பாயையும் தலையணையையும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரமே எரித்துவிட்டேன். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

வாடைக்காற்று. புதிதாகக் கட்டுகிற குவார்ட்டர்ஸில் இன்று பதினாறு கதவுக்குப் பெயின்ட், இரண்டாம் கோட். முதுகு போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஆறுமுகம் தானாகவே வந்தான். கடல் வேலைக்காரன். போன வருடம் அவன் படகு முகத்துவாரத்தில் மோதி உடைந்தது. இப்போது இன்னொருவன் படகில் கூலிக்குப் போகிறான்.

"அண்ணாத்த, ஒடஞ்ச படகு மணல்ல கெடக்குது. வேணுங்கற பலகைய எட்துக்கோ. சும்மா மக்கிப் போய்கினு கீது."

ஒரு வருடமாக அந்தப் பலகையை அடுப்புக்குக்கூட எடுக்காமல் வைத்திருந்தவன். பீடி கொடுத்தேன்.

ஆக, மரம் தயார். கட்டிலுக்குப் படகுப் பலகை. மருந்து வைக்கச் சின்ன அலமாரி ஒன்று, வேலைத்தளத்தில் இயந்திரம் வந்து இறங்கிய பெட்டி மரத்தில். மேஸ்திரி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதில் ஏதோ வெளிநாட்டு எழுத்தும் மேல் பக்கம் இதுதான் என்று காட்டும் ஓர் அம்புக்குறியும்.

குழாயடியில் ஓர் அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "உன் பொஞ்சாதி வராளாமே. இங்கியா வரா?"

ஆமாம் என்றேன். குடம் நிறைவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது இன்னும் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறார்கள். அவள் வந்து இதைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை. தெருவை நான் மாற்ற முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் வியாதிக்காரி வீடு என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. அதையாவது செய்ய வேண்டும்.

டிசம்பர் 13, வியாழன்

தச்சு வேலை முடிந்தது. கால் ஒன்று அரை விரல்கடை குட்டை. ஆப்பு வைத்தேன். கட்டிலுக்கு வெண்ணெய் நிறம், அலமாரிக்கு இளம் பச்சை. அம்புக்குறியை மட்டும் பெயின்ட் மூடாமல் விட்டேன். கிரேஸ் சிரிப்பாள்.

கட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலேதான். அதனால் மேல்பூச்சு அவசியம்.

டிசம்பர் 15, சனி

மேல்பூச்சுக் கலவை. மேஸ்திரி இதை கிளேஸ் என்பார். குவார்ட்டர்ஸில் பெரிய அதிகாரி வீட்டுக் கதவுக்கு அடித்தபோது கற்றுக்கொண்டது. மறக்காமல் இருக்க:

ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு, வார்னிஷ் கொஞ்சம்.
காவிப்பழுப்புப் பொடி. கையிருப்பைப் பார்த்துப் போடு, ஆசைப்பட்டுப் போடாதே.
அடிப் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே தடவ வேண்டும்.
தடவிய கையோடு பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். மேடு வெளுக்கும், மூலையிலும் இடுக்கிலும் பழுப்பு நிற்கும்.
ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்தால் மரத்தின் ரேகை வரும்.

சின்ன அலமாரிக்கு அடித்துப் பார்த்தேன். முந்தாநாள் அடித்த பெயின்டா இது! நாற்பது வருடம் ஒரு வீட்டில் இருந்த சாமான் மாதிரி. என் கையா செய்தது என்று இருந்தது. ஆறுமுகம் வாயைப் பிளந்தான். "இன்னா அண்ணாத்த, பூசறே, உடனே தொடச்சிடறே? அப்ப எதுக்குப் பூசறே?" சொல்லிக் கொடுத்தேன். கட்டிலுக்கு எண்ணெய் போதுமா என்று கேட்டான். இழுத்துப் பிடித்தால் போதும் என்றேன்.

நாளை ஓய்வுநாள். கலவை டின்னை மூடி வாசல் ஓரம் வைத்தேன்.

டிசம்பர் 17, திங்கள்

வேலை விட்டு வந்ததும் கட்டிலுக்கு மேல்பூச்சு. டின்னில் கலவை நினைத்ததைவிட நிறைய இருந்தது. சனிக்கிழமை சரியாகப் பார்க்கவில்லை போலும். துடைப்பதற்குக் கொஞ்சம் வழுவழுப்பு. தலைமாட்டுப் பலகையில் சீப்பு ரேகை அருமையாக விழுந்தது. படகின் பழைய ஆணி ஓட்டைகளில் பழுப்பு போய் உட்கார்ந்துகொண்டு, அவையும் ஓர் அழகு. இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 18, செவ்வாய்

விடிந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றி ஐந்து பூனை. ஒன்று கட்டில் காலை நக்குகிறது.

விரல் வைத்தேன். ஒட்டியது.

எனக்கு வாசனை தெரியாது. இருபது வருட டர்பன்டைனில் மூக்கு செத்துவிட்டது. ஆறுமுகத்தின் மனைவி எல்லம்மா கூடையோடு சந்தைக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று சொன்னாள்: "இன்னா அண்ணாத்த, உன் வூட்டுல மீனெண்ண நாத்தம் கொடலப் பொரட்டுது."

பின்னாலேயே ஆறுமுகம், முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் ஊத்தனேன், நாயித்துக்கெழம. உனுக்கு எண்ண பத்தலன்னியே. கடல் கட்டைக்கு மீனெண்ணதான் அண்ணாத்த. படகுக்கே அதான் பூசுவோம். நூறு வருசம் ஒழைக்கும்."

நல்லது செய்துவிட்டு நிற்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன். "உன் படகையும் ஒடச்சே, அந்தப் பலகையில செஞ்ச கட்டிலையும் கெடுத்தே" என்றேன். பூனையை விரட்டுகிற மாதிரி கையை வீசினேன்.

அவன் சிரிப்பு நின்றது. போய்விட்டான். எல்லம்மாவும்.

நான்கு நாள் இருக்கிறது. இந்த நாற்றத்தில் அவளை எப்படிப் படுக்க வைப்பது?

டிசம்பர் 20, வியாழன்

மழை. இரண்டு நாள் லீவு. சோடா உப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். மேல்பூச்சோடு அடிப் பெயின்டும் வந்தது. உப்புத்தாள் போட்டு, மறுபடி பெயின்ட். அது அரைகுறையாகக் காய்ந்த உடனே மறுபடி மேல்பூச்சு. இந்த அவசரம் தப்பு என்று தெரியும். வேறு வழி?

சாயங்காலம் ஆறுமுகம் வீட்டு வாசலுக்குப் போனேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"நான் பேசினது தப்புப்பா. மனசுல வச்சிக்காத."

தலை நிமிரவில்லை. ஊசி இரண்டு கண்ணி போயிற்று. பிறகு, "பூன இன்னும் வருதா?" என்றான்.

"ரெண்டு வருது."

"அப்ப கொறஞ்சிகினு கீது" என்றான். அவ்வளவுதான். நடந்து வரும்போது நெஞ்சு லேசாகிவிட்டது. என்னை நான் இவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்க மாட்டேன்.

டிசம்பர் 21, வெள்ளி

மழை விட்டது. காற்றில் உப்பு, ஈரம். விரல் ஒட்டுகிறது. மதியம் மறுபடி. ஒட்டுகிறது. வீடெல்லாம் டர்பன்டைன் நெடியாக இருக்கிறதாம், எல்லம்மா சொன்னாள். எங்கே படுக்க வைப்பாய் என்று கேட்டாள். ஆண்டவர் வழி காட்டுவார் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

டிசம்பர் 22, சனி

அழைத்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நின்றாள். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "இன்னா, எளச்சிட்டே?" என்றாள். யார் யாரைக் கேட்பது!

செங்கை வந்து பஸ் மாற்றினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது தூசிக்கு இருமினாள். வெறும் தூசி. முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்து, எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரேஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஊரை நெருங்கியது. கட்டில் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். தரையிலேயே படுத்துக்கொள்கிறேன், விடு என்றாள்.

தெருமுனையில் ஏழெட்டுப் பேர். யாரும் கிட்டே வரவில்லை. குழாயடி அம்மாளும் இருந்தாள். கிரேஸின் நடை மெதுவானது. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

எல்லம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேரே வந்து கிரேஸின் கையைப் பிடித்தாள்.

"வா புள்ள. எங்கூட்டுக்கு வா. அங்க உன் வூட்டுல நெடி."

இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து ஐந்து வருடம். இரண்டு பேருமே அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. எங்கள் சாதி ஆட்கள் யாரும் தாண்டியதில்லை. அது இரண்டு பக்கமும் தெரிந்த வழக்கம். கிரேஸ் படியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னா நிக்கற? காலு வலிக்கல?" என்று எல்லம்மா உள்ளே இழுத்துப் போய், ஆறுமுகத்தின் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தாள். புதுப் பாய் விரித்திருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கிரேஸ் உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கப் பார்த்தாள். மேலெல்லாம் சிந்தியது.

"வாய் வச்சிக் குடி புள்ள."

வாய் வைத்துக் குடித்தாள். மீதியை எல்லம்மா வாங்கினாள். வாசலுக்கு வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அதே சொம்பில் வாய் வைத்து மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு என்னிடம், "நீ போய் உன் கட்டிலக் காய வையி. காயற வரிக்கும் இவ எங்கூட்டு ஆளு" என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லை.

டிசம்பர் 23, ஞாயிறு

நல்ல வெயில். ஆராதனைக்குப் போகும்போது குழாயடி அம்மாள் எல்லம்மா வீட்டு வாசலில் நின்று, "முட்ட வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகம் வலைக்குவியல் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறான். கிரேஸ் காலை வரை ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லையாம். இப்போது உள்ளே இரண்டு பெண்களும் எதற்கோ சிரிக்கிறார்கள். இங்கே கேட்கிறது.

கட்டிலில் விரல் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒட்டுகிறது. ஸ்தோத்திரம்.