நஸ்ரினாவின் பெட்டி

வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை

இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் எனக்குத்தான் முதலிடம். அந்தச் சந்தோசம் பின்னேரம் வரைக்கும்தான் இருந்தது.

சோதனைக்கு மீன் தந்த மலரக்காவிடம் செய்தியைச் சொல்லலாம் என்று கடலோரச் சல்லிக் கிராமத்துக்குப் போனேன். கருவாடு காயவைக்கும் பெட்டிதான் எனக்கும் கூடப் படிக்கும் நஸ்ரினாவுக்கும் செயற்றிட்டத் தலைப்பு. என்னுடையது மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்ளும். பரீட்சகர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இப்போது அது வளாகத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. அவளுடையது வெறும் பலகையும் வலையும். "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவள் தலை குனிந்தபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்தப் பெட்டியில்தான் மலரக்கா இன்று மீன் பரப்பிக்கொண்டிருந்தார், கதிரையில் உட்கார்ந்தபடியே.

"முந்தி குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு நாரியெல்லாம் முறியும், தங்கச்சி. நஸ்ரினாப் பிள்ளை நான் இருக்கிற உயரத்தை அளந்தெல்லே செய்து தந்தவ."

நான் மீனின் ஈரத்தைத்தான் அளந்தேன். மலரக்காவை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பக்கத்து வீட்டு ஆக்களுக்கும் ரெண்டு வேணுமாம். அவவின்ர நம்பர் இருக்கோ?"

"இல்லையக்கா" என்றேன்.

முதலிடம் வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

நாலு வருடம் நானும் அவளும் ஒரே அறையில் இருந்தோம். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவளுடைய நம்பரை எழுதிப் பார்த்தேன். ஓர் இலக்கமும் பிழையில்லை. பிறகு எனக்கே வாசிக்க முடியாதபடி கறுப்பாகக் கிறுக்கி வெட்டிவிட்டேன்.