இரண்டு கோர் போதும் என்றீர்கள்

மாத்திரை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் பழைய பிராசஸர் கையில் அகப்பட்டது. கம்ப்யூட்டரின் மூளை என்பார்களே, அது தீப்பெட்டி அளவுகூட இல்லை. மேலே பூசிய சாம்பல் நிறப் பசை காய்ந்து ஓரமெல்லாம் பொரிந்திருக்கிறது. முகர்ந்தால் வெந்த தூசியின் வாசனை. இதுதான் உங்களுக்காகப் பேசித் திணறியது என்று நினைத்தால் கையில் வைத்திருக்கவும் பயம், தூக்கிப் போடவும் மனமில்லை.

சாலைக் கடைத்தெருவில் முப்பது வருடம் துணி விரித்துப் பேசிய வாய் உங்களுடையது. வேண்டாம் என்று எழுந்தவளும் இரண்டு சேலையோடுதான் போவாள். தொண்டையில் அறுவை செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்ன வாரமே, ஒரு நோட்டு நிறையச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்தீர்கள். உங்கள் தங்கை மகன் அதற்கொரு புரோகிராம் எழுதினான். நீங்கள் தட்டினால் அது உங்கள் குரலில் பேசும். பேசாத வரிகள் வரிசையில் காத்திருக்கும், நடுவில் கரண்ட் போனாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து சொல்லும் என்றான்.

நீங்கள் வாய் மூடியிருக்க, பெட்டி உங்கள் குரலில் "சாயா வேணும்" என்று கேட்ட முதல் நாள் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. நீங்கள் பதிந்தபோது வீட்டில் கேட்ட சத்தங்களும் சொற்களோடு சேர்ந்து பதிந்திருந்தன. "தண்ணி" என்றால் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். "மருந்து" என்றால் அடுக்களையிலிருந்து நான் இருமுவேன். உங்கள் எதிரில் வாய் திறக்காமல் நின்றபடி என் இருமலை நானே கேட்பேன்.

இரண்டே மாதத்தில் இயந்திரம் திணற ஆரம்பித்தது. "தண்ணி" வருவதற்குள் நீங்களே எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். பிராசஸரை மாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் ஆராய்ந்தீர்கள். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவாம். நான்கு கோர் உள்ளது விலை அதிகம், அதன் சூட்டை நம் பழைய போர்டு தாங்காது. இரண்டு கோர் உள்ள மலிவான ஒன்று அதே இடத்தில் உட்காரும். அதன் எண்ணை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, கீழே இதையும் எழுதி நீட்டினீர்கள்: "ரெண்டு கோர் போதும். ஒண்ணு பேசும், ஒண்ணு கேட்கும். நம்ம வீடு மாதிரி."

நான்தான், "அடுத்த மாசம் பாக்கலாம். இப்ப என்ன அவசரம்?" என்று தட்டிக்கழித்தேன். ஆஸ்பத்திரி அலைச்சல் என்று சாக்குச் சொன்னேன். உண்மை அதில்லை. அந்தப் பெட்டி இன்னும் வேகமாகப் பேசுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. உங்களிடம் அதை எப்படிச் சொல்வேன்?

அன்று காலை மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். நீங்கள் ஏதோ தட்டினீர்கள். திரையில் வட்டம் சுற்றியது. வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகு, "வந்து கேட்டுக்கிடுதேன்" என்று படி இறங்கிவிட்டேன். கடையில் கூட்டம். திரும்பியபோது உங்கள் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது, விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உங்களைக் கிடத்த ஆட்கள் வந்து மேசையை நகர்த்தியபோது யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள்.

ஏழு மாதம் அதை நான் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டீர்களா, வலிக்கிறது என்றீர்களா? உங்கள் தங்கை மகனிடம் சொன்னால் திறந்து படித்துக் காட்டியிருப்பான். இன்னொருவர் வாயால் அதைக் கேட்க எனக்கு மனமில்லை. ஒரு நாள் துணிந்து சுவிட்சைப் போட்டேன். அதே வட்டம், அதே சுற்று. நாள்காட்டித் தாளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கம்ப்யூட்டர் கடையிலிருந்த மலையாளிப் பெண் தாளைப் பார்த்தாள். "சேச்சி, இது ரொம்பப் பழைய மாடலாணு. புதுசு ஒண்ணு எடுத்தா போதுமல்லோ? இதுக்கு எதுக்கு வெறுதே செலவு?"

"அவரு பாத்து வச்சதாக்கும். இது போதும்."

உள்ளே போய் எங்கிருந்தோ ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்தினாள். பழையதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடமே தந்தாள்.

மாலை நான்கு மணிக்கு வீட்டில் தனியாக வயர்களை மாட்டினேன். வட்டம் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை.

"போயிட்டு வா," என்றீர்கள்.

அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள் அடுத்த வரி வந்தது. "வந்தாச்சா?" அதன் பின்னால் நம் வாசல் கேட்டின் கொண்டித் தாழ்ப்பாள் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கேட் சாத்தியிருந்தது. "வந்தாச்சா?" மறுபடி கொண்டி. "வந்தாச்சா?" ஒரே குரல், ஒரே சத்தம். மூன்று முறையும் திரும்பினேன். பிறகு பெட்டியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

புதிய பிராசஸர் மூச்சுவிடாமல் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டது. அன்று ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் மருந்துக் கடையில் நின்ற நேரம் அது.

பேசி முடித்த வரிகளை அது வைத்துக்கொள்வதில்லை. மறுபடி போட்டால் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இப்போதெல்லாம் வெளியே போய்த் திரும்பினால், கதவைத் திறந்து, ஆளில்லாத வீட்டுக்குள் "வந்தாச்சு" என்று மூன்று முறை சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்கிறேன். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறேன்.