கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவன்

மச்சான்,

இன்றைக்குச் சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணி இருக்கும். சைக்கிள் ரியூப் ஒன்றைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று குளத்துப் பக்கமிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. அதோடு ஒரு விசில் சத்தமும் வந்தது. மைதானத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. மேசைக்குக் கீழே படுத்திருந்த உன் நாய் கோனர் தலையைத் தூக்கியது. எழுந்து உடம்பை ஒருதரம் உதறிவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் படலையால் வெளியே ஓடியது.

இரண்டு வருசமாக இதுதான் நடக்கிறது. எங்கே பந்தடித்தாலும், யார் விசில் ஊதினாலும் போகும். கோட்டுக்கு வெளியே நின்று நடுவரின் முகத்தைப் பார்க்கும். அது நீ இல்லை என்று தெரிந்ததும் நாக்கைத் தொங்கப்போட்டபடி திரும்பி வரும். அந்த முகத்தோடு அது படலைக்குள் நுழைவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ரியூப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் நீ செய்த வேலை. ஊரிலுள்ள அத்தனை நாயும் துரத்துகிற தபால்காரன் நீ. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் ஒரு நாள் தபால் பைக்குள் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். எங்கே விட்டாலும் மூலையில் போய்ப் படுக்கிறது என்று, பந்தாட்டத்து மூலை உதையின் பேரைப் பிடித்துக் கோனர் என்று பேர் வைத்தாய். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடத்தில் வீட்டாட்கள் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பியவன் நீ. அந்த வீட்டில் ஒரு மூச்சுச் சத்தமாவது கேட்கட்டும் என்று நானும் சந்தோசப்பட்டேன். காட்டுக்கரையில் அலையப் போனதை வீட்டுக்குக் கூப்பிட, ஆட்டத்துக்கு ஊதுகிற அதே விசிலை ஊதிப் பழக்கினாய் பார், அங்கேதான் பிழை வந்தது.

துணுக்காயில் நடந்தது உனக்கு ஞாபகமிருக்கும். கடைசி ஆட்டம், சனம் நெருக்கியடித்து நிற்கிறது. நீ ஒரு பிழைக்கு விசில் ஊதினாய். மரத்தில் கட்டியிருந்த கோனர் கயிற்றை அறுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே ஓடிவந்து உன் காலடியில் குந்தியது. நீ சிவப்பு அட்டையை எடுத்து அதற்குக் காட்டினாய். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்கும் உனக்கும் நடுவில் அது.

"மச்சான், இனி இவனை ஆட்டத்துக்குக் கொண்டு போகேலாது. சனி ஞாயிறு நீதான் பார்க்க வேணும்."

சிறுபோகம் வெட்டி முடிந்து, மழைக்கு வயல் காத்துக் கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் எங்கள் பக்கம் பந்துக் காலம். நீ நெடுங்கேணி, முல்லைத்தீவு என்று விசிலோடு ஊர் சுற்றினாய். நான் உன் நாயோடு வீட்டில் இருந்தேன். அது என் மனுசியின் மிளகாய்ப் பாத்தியைக் கிண்டும். பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தும். கருவாடு இல்லாத சோற்றை மணந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். "உங்கட சிநேகிதனிட்டச் சொல்லுங்கோ, அடுத்த கிழமை நாயோட அரைக்கிலோ கருவாடும் சேர்த்து விடச் சொல்லி. நானென்ன இதுக்கு ஆயாவோ?" என்று அவள் கத்துவாள். சொன்னால் நீ சிரிப்பாய். திங்கட்கிழமை கடிதம் கொடுக்க வந்த சாட்டில் என் சைக்கிள் கடை வாங்குப் பலகையில் குந்தி, இரண்டு நாள் ஆட்டத்தையும் ஒன்றும் விடாமல் சொல்லுவாய். "கரைப் பெடியளுக்கு மணலில ஓடின கால். எங்கட பெடியளுக்கு வரம்பில நடந்த கால். புல்லில விட்டா ரெண்டும் ஒண்டுதான் மச்சான்." மற்ற ஊர்த் தபால்கள் உன் பையோடு வெய்யில் காயும். உண்மையைச் சொன்னால், அந்தத் திங்கட்கிழமைக் கதைக்காகத்தான் நான் நாய் பார்த்தேன்.

இனி, இரண்டு வருசத்துக்கு முந்தின அந்த ஆவணியைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்வளவு நேரமும் நாயைச் சாட்டி அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

எங்கள் மைதானத்திலேயே கடைசி ஆட்டம். எங்கள் கழகமும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கழகமும். வரவேண்டிய வெளியூர் நடுவருக்கு வழியில் வண்டி பழுதாகி, இரண்டு தலைவர்களும் சேர்ந்து உன்னை ஊதச் சொன்னார்கள். "சொந்த ஊருக்கு ஊதுறது கூடாது" என்று நீ மறுத்தாய். விடவில்லை. ஊர் ஆட்டத்தை உன் நாய்க்காக விடுவேனோ என்று, கோனரைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் வந்து எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிசம் இருக்காது. கரைப் பெடியன் ஒருவன் அடித்த பந்து கோலை நோக்கி வந்தது. எங்கள் பின்வரிசையில் நின்ற ரூபன் குறுக்கே விழுந்தான். பந்து அவனுடைய இடது கையில் பட்டு வெளியே போனது. எனக்கும் அந்தக் கைக்கும் இடையில் வலை மட்டும்தான் இருந்தது. நீ விசில் ஊதிப் பெனல்டிக்குக் கை காட்டினாய். கோனர் இழுத்தது. நான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். கண்ணை மட்டும் பந்திலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் சனம் உன்னைச் சூழ்ந்துகொண்டது. நெஞ்சிலே பட்ட பந்துக்கு எப்படிப் பெனல்டி என்று கத்தினார்கள். "விசில் ஊதினா ஊதினதுதான், பிறகு வாயால கதைக்கக்கூடாது" என்று எப்போதும் சொல்லுகிறவன் நீ. அன்றைக்கு ஒரு நாள்தான் அதை மீறினாய். சனத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டாய்.

"மச்சான், நீ பின்னால நிண்டனி. கையில பட்டதோ இல்லையோ?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கடைக்கு வருகிற முகங்கள், என் பிள்ளைகளோடு படித்த பெடியள்.

"நான் காணேல்லை" என்றேன். "உன்ர நாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

நீ என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாய். பிறகு பந்தைப் புள்ளியில் வைத்தாய். நாங்கள் தோற்றோம்.

அதற்குப் பிறகு ஊர் உன்னை நடத்திய விதத்துக்கு நான்தான் பொறுப்பு. ஊரை விற்றவன் என்றார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். திங்கட்கிழமை நீ கடைக்கு வந்தாய். மின்சார பில்லை மேசையில் வைத்தாய். வாங்கில் குந்தவில்லை. அன்று நான் இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும், "நான் கண்டனான்" என்று. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். நீயும் கேட்கவில்லை. அடுத்த திங்களும் அப்படித்தான்.

மூன்றாவது சனிக்கிழமை கோனரோடு படலையில் வந்து நின்றாய். மனுசி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கடையைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நிக்கிறியோ?"

நான் அசையவில்லை. வெறுப்பில்லையடா, வெட்கம். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லவேண்டி வருமே என்ற பயம். இரண்டாம் தரமும் கூப்பிட்டாய். என் செருப்பு வாசலில் கிடந்தது. என் சைக்கிள் மாமரத்தில் சாய்ந்து நின்றது. நீ இரண்டையும் பார்த்திருப்பாய். கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு கோனரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வா ராசா. அவர் வீட்டில இல்லையாம்."

அடுத்த புதன்கிழமை, தபால் கட்டைச் சைக்கிளில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாய். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த உன் தங்கச்சி கோனரையும் விசிலையும் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். "அண்ணை உங்களிட்டத்தான் விடச் சொல்லியிருப்பார். உங்களை விட்டா அவருக்கு ஆர்?" என்றாள். மறுக்க எனக்கு வாய் ஏது? விசிலை ரியூப் ஒட்டும் பசை இருந்த தகரப் பேணிக்குள் போட்டுவைத்தேன். ஒரு நாளும் ஊதவில்லை. ஊதினால் அந்தச் சீவனை ஏமாற்றுவதாகிவிடும். ஏற்கனவே அதைச் சாட்டி ஒரு பொய் சொன்னவன் நான்.

போன மாதம் கழகம் கூடியது. இந்த வருசச் சுற்றுப்போட்டியை உன் பேரில் நடத்தி, உன் நினைவாக ஒரு கிண்ணம் கொடுப்போம் என்றார்கள். ஊரை விற்றவன் என்று சொன்ன அதே வாய்கள். செத்தவனுக்கு மரியாதை செய்வதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி, "அண்டைக்குப் பந்து கையில பட்டது. நான் கண்டனான். பொய் சொன்னனான்" என்றேன்.

ரூபன்தான் மெல்லச் சொன்னான்.

"தெரியும் அண்ணை. கை என்ரயெல்லோ."

"அப்ப நீ ஏன்டா சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வாய் எடுத்தனான். அதுக்குள்ள நீங்கள் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டியள். அவரின்ர சிநேகிதனே காணேல்லை எண்டேக்க நான் என்னெண்டு சொல்லுறது?"

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். "ஊமை ஊரைக் கெடுக்கும் எண்டு சும்மாவோ சொன்னவை?" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருசம் சுமந்ததை இறக்கிவைத்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். கேட்கவேண்டிய ஆள் நீ. நீ இல்லாத சபையில் சொல்லி எனக்கு என்ன கிடைக்கும்?

இன்றைக்கு நடந்தது உன் கிண்ணத்துக்கான முதலாவது ஆட்டம். ஆட்டம் முடிந்து சனம் கலைந்தது. கோனர் வரவில்லை. மைதானத்துக்குப் போனேன், இல்லை. உன் வீட்டுப் பக்கம் போனேன், அங்கேயும் இல்லை. குளக்கட்டால் போய்க் காட்டுக்கரை வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பொழுது சரிந்துகொண்டு வந்தது. நாலு நாளுக்கு முன்னர்தான் அந்தப் பக்கம் யானை இறங்கியது. வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து பசைப் பேணியைத் திறந்தேன். படலையில் நின்று, உன் விசிலை ஊதினேன்.

மச்சான், அந்தச் சத்தம் உன்னுடையதுதான்.

இரண்டாம் தரம் ஊதும்போது படலைக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் முனையில் புழுதி எழும்பியது. கோனர் வந்துகொண்டிருந்தது. கிழட்டு நாய், பின்கால் இழுபடுகிற நாய், குட்டி மாதிரி ஓடிவந்தது. நான் குந்திக் கையை விரித்தேன். அது என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால், நீ நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்தது. கடைக் கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தது. வாங்கை மணந்தது. குசினி வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. பிறகு படலைக்கு வந்து, அன்றைக்கு நீ நின்ற அந்த இடத்திலேயே குந்தி, என் வாசலைப் பார்த்தது. என்னை அல்ல, வாசலை. உள்ளே யாரோ இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள் என்பது போல.

நான் எழும்பிப் போய் அதன் பக்கத்தில் நின்று, வெறும் ஒழுங்கையைப் பார்த்துச் சொன்னேன். அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று உரத்தே சொன்னேன்.

"ஓம் மச்சான். வீட்டிலதான் நிக்கிறன்."