நூர்ந்ததும் நூர்த்ததும்

06.05.2009
நெல் அவிக்கும் பொயிலரில் சாம்பல் தள்ளும் திருகு இன்றும் இறுகிவிட்டது. இந்தக் கிழமையில் மூன்றாவது தடவை. குழாயைக் கழற்றினால் உள்ளே சாம்பல் கல்லாகக் கிடக்கிறது. உமிச் சாம்பல் பஞ்சு மாதிரி. அது எப்படிக் கல்லாகும்?

போன மாதம் சாம்பலைத் தணலோடு தள்ளியதில் உமிக் குவியல் பற்றிக்கொண்டது. பொயிலர் பார்க்கும் ஆதம்பாவாவைக் கண்டித்து, சுவரில் என் கைப்பட ஓர் உத்தரவும் ஒட்டினேன். அதன் பிறகுதான் இந்தக் கோளாறு. பழிவாங்குகிறானா?

08.05
விடியற்காலையில் ஆதம்பாவா ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறான். தொழுவதற்கு இவ்வளவு தண்ணீரா? கேட்கவில்லை. பிறர் மார்க்கத்தில் தலையிடுபவள் அல்ல நான்.

11.05
மறுபடியும். ஆவி இல்லை. இரண்டு தொட்டி நெல் ஊறிக் கிடக்கிறது. நாளைக்குள் அவிக்காவிட்டால் புளித்துவிடும். வெல்லாவெளிக்காரர் இனி இங்கே நெல் கொண்டுவர மாட்டார்கள். சுனாமியில் கணவர் போனபின் நாலரை வருடமாக நான் தனியே இழுத்துப்பிடித்த மில்.

"திருகுக்குள்ள என்னத்தப் போடுறாய்?" என்றேன்.

"நீங்க எழுதி வச்சபடிதானம்மா செய்யிறன். ஒரு எழுத்துப் பிசகல்ல."

என்ன திமிர்!

12.05
நெல் புளித்துவிட்டது. ஆதம்பாவாவை வேலையால் நிறுத்திவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

19.05
யுத்தம் முடிந்ததாம். சந்தியில் வெடி. சந்தோஷத்தில் கொளுத்துபவர் யார், பயத்தில் கொளுத்துபவர் யார்? கதவைப் பூட்டினேன்.

21.05
புதிதாக வந்த பக்கீரின் கையிலும் திருகு இறுகிவிட்டது. இவனுக்கு என்மேல் என்ன பழி?

மெசின் திருத்தும் பிட்டர் வினாயகமூர்த்தி குழாயைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "நனஞ்ச சாம்பல் சூட்டுல காஞ்சா சீமெந்துதான். சாம்பலக் குளிப்பாட்டியா அனுப்புறியள்? ஆரு தண்ணி ஊத்தச் சொன்ன?"

பக்கீர் சுவரைக் காட்டினான்.

'தணல் நூர்த்த பின்பே சாம்பலைத் தள்ளவும்.'

என் கையெழுத்து. நூர்ந்த பின் — தானாக அணைந்து நூரும்வரை பொறு — அதைத்தானே எழுத நினைத்தேன்? நூர்த்த பின் என்றால் தண்ணீர் ஊற்றாமல் வேறென்ன செய்வார்கள்? தன்வினை பிறவினையில் கொன்வென்டில் முதல் பரிசு வாங்கியவள். ஐயோ, என்ர கைதானா இது?

22.05
காத்தான்குடிக்குப் போனேன். ஆதம்பாவாவின் மனைவி உம்மு குல்தூம் கதிரை போட்டுத் தேநீர் தந்தாள். பிழை என்னுடையது என்று சொல்வதற்குள் கோப்பை காலியாகிவிட்டது.

"இத அண்டைக்கே பாத்திரிக்கலாமேம்மா," என்றாள் அவள். 

திருத்தி எழுதிய தாளை ஆதம்பாவாவிடம் நீட்டினேன்.

"கடுதாசி வேணாம்மா. வாயால சொல்லுங்க."

சொன்னேன். "தண்ணி ஊத்தாதிங்க. தானா நூரட்டும்."

25.05
ஆதம்பாவா ஆறு மணிக்கே வந்துவிட்டார்.