உங்கள் போனுக்கு வரும் நம்பர்

அக்குறணை
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? தங்கச்சி மருந்து வாங்கித் தந்தாளா?

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று படம் பார்க்க என் போனைத் திறந்தேன். மாதம் காசு கட்டி நீங்களும் தங்கச்சியும் டிவியில் படம் பார்க்கும் அதே கணக்குதான். 'இந்த போன் உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று வந்தது. ஒரு கணக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமாம். தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இரண்டு குடும்பங்களை அடைத்தபோது இது எத்தனை வீடு என்று எவனும் கேட்கவில்லை. பிழைக்க ஒருவன் வெளியூர் வந்தால் மட்டும் கேட்கிறார்கள்.

கடையில் கூட வேலை செய்யும் ஷிஹாப் சிரித்தான். "கூடக் கட்டினா வெளியாளுக்கும் ஒரு ப்ளான் ஈக்கி மச்சான். ஒன்ட வீட்டுக்கு நீயே வெளியாள் தானே."

அந்த ப்ளான் வேண்டாம் என்றேன். அது இல்லாமல் நான் பார்ப்பதென்றால், ஒவ்வொரு முறையும் உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை எனக்குச் சொல்ல வேண்டும். தங்கச்சியிடம் கொடுத்து மெசேஜ் போடச் சொல்லாதீர்கள். நீங்களே கோல் எடுங்கள். ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
கிளைவ்