மணி நின்ற பக்கம்

அக்டோபர் 26, திங்கள்

காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. காலையில் முற்றத்து வாளித் தண்ணீரில் மெல்லிய பனிக்கட்டி. இனி வீட்டில் வேறு பேச்சு கிடையாது. காட்டு உள்ளான் பறவைகள் ரஷ்யாவை விட்டு எங்கள் பிரெஸ்த் பக்கம் கிளம்பியிருக்குமாம், வேட்டை சீசன் வந்துவிட்டது. குல்வென் வானத்தைப் பார்க்கிறார், நாயைப் பார்க்கிறார், மறுபடியும் வானத்தைப் பார்க்கிறார். கட்டிய மனைவியின் முகத்தை இவ்வளவு அக்கறையாக அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. எங்கள் நாய் ஊனா கதவடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அவளுக்கும் இதே பைத்தியம்தான்.

அக்டோபர் 29

கெட்டில் விசில் அடித்து அடித்து, தண்ணீர் வற்றி, அடி கருகிவிட்டது. நான் தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார். புகை வந்த பிறகுதான் எழுந்தாராம். யோசனையில் இருந்தேன் என்கிறார். என்ன யோசனை அப்படி?

அவருடைய காதுக் கருவி மேசை இழுப்பறையில் பெட்டியோடு கிடக்கிறது. போட்டால் காய்ந்த இலையை மிதிப்பதே இடி இடிப்பது மாதிரி இருக்கிறதாம்.

அக்டோபர் 31

இன்று ஒரு காரியம் செய்தேன். செய்திருக்க வேண்டாமோ?

சதுப்பிலிருந்து சின்ன உள்ளான் இரண்டு கொண்டுவந்திருந்தார். சன்னலுக்கு முகம் காட்டி உட்கார்ந்து இறகு உரித்துக்கொண்டிருந்தார். ஊனாவின் கழுத்துப்பட்டை மேசையில் இருந்தது, பித்தளை மணியோடு. எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் ஆட்டினேன். ஊனா முற்றத்திலிருந்து பாய்ந்து வந்துவிட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய் ஆட்டினேன். இறகை ஊதிவிட்டு அடுத்த பறவையை எடுத்தார்.

காட்டில் முள்ளும் காய்ந்த பெரணிச் செடியும் இடுப்பளவு. நாய் கண்ணுக்கே தெரியாது. மணிச் சத்தம்தான் நாய். மணி நின்றால், பறவையை மோப்பம் பிடித்து நாய் அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்ற பக்கமாகத்தான் துப்பாக்கியோடு போவார்கள். மணியே கேட்காதவர் எந்தப் பக்கம் போவார்? கூட வருபவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கூட வருபவன் என் தம்பி.

நவம்பர் 1, ஞாயிறு

அனைத்துப் புனிதர் திருநாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செவ்வந்தித் தொட்டிகள் வைத்துவிட்டு வந்தோம். தம்பி ரொனான் சாப்பிட வந்தான். பால் லாரி ஓட்டுகிறவன், தனியாள், ஞாயிறு வந்தால் எங்கள் வீட்டில்தான் அவன் தட்டு. சதுப்பு உள்ளான் இரண்டையும் வெண்ணெயில் வதக்கி வைத்தேன்.

"அக்கா, இது பறவையா வண்டா? ஒரு வாய்க்குக் காணாது."

"ரெண்டு மணி நேரம் சேத்துல விழுந்து எழுந்து சுட்டிருக்கேன், வாய மூடிட்டுத் தின்னுடா மாப்ள" என்றார் குல்வென். இருவரும் சிரித்தார்கள். ரொனான் எப்போதும் அவருக்கு நேர் எதிரே உட்கார்கிறான், அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை கூடப் போனேன். ஆப்பிள் கூடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 2

மணி கேட்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். சண்டை.

இப்போதெல்லாம் நாய்க்கு ஒரு பட்டை வருகிறது, நாய் நின்றால் நம் கையில் கட்டிய கருவி அதிரும், அதை வாங்கிக்கொள் என்றேன்.

"அது வேட்டையா? டெலிபோனப் பாத்துட்டு நடக்கறது. அதுக்கு நான் வீட்லயே கெடப்பேன்."

"அப்ப வீட்லயே கெட."

முகம் எப்படியோ ஆகிவிட்டது அவருக்கு. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ரொனான்கிட்ட சொல்லாத, அசெனோர். இந்த ஒரு சீசன். அப்புறம் துப்பாக்கிய நானே குடுத்துடறேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இந்த மனுஷன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

நவம்பர் 8, ஞாயிறு

பயந்ததெல்லாம் வீண் போலிருக்கிறது. காட்டு உள்ளான் இரண்டு, இரண்டும் அவர் சுட்டது. ஊனா நின்ற இடத்துக்கு நூல் பிடித்த மாதிரி போனாராம். எப்படி? கேட்கத்தான் செய்கிறதா? நான்தான் சரியாக ஆட்டவில்லையா?

கறி பதமாகட்டும் என்று பறவைகளை நிலவறையில் கழுத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சிறகு ஓரத்துச் சின்ன விறைப்பு இறகைப் பிடுங்கித் தொப்பிப் பட்டையில் செருகிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கண்ணாடி வேறு பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 15, ஞாயிறு

போன வாரத்துப் பறவைகளை இன்று சமைத்தேன். குடலை எடுப்பதில்லை, இரைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, அதன் நீள அலகையே ஊசியாகத் தொடையில் குத்தி முடிவது. வெந்ததும் உள்ளே இருப்பதை வழித்து, உப்பு வெண்ணெயும் ஒரு சொட்டு ஆப்பிள் சாராயமும் விட்டு மசித்து, வறுத்த ரொட்டியில் தடவுவேன். எங்கள் வீட்டில் அந்த ரொட்டி சுட்டவருக்கு இல்லை, நாய் நிற்பதை முதலில் கண்டுகொண்டவருக்கு. அப்பா வைத்த வழக்கம்.

தட்டை நீட்டினேன். குல்வென் கை நீட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, "நீ எடு மாப்ள" என்று தள்ளிவிட்டார். ரொனான் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் போட்டான்.

அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போன பிறகு ரொனான் பாத்திரம் துடைத்தபடி சொன்னான்:

"அக்கா, மச்சானுக்கு மணி கேக்கறதில்ல. போன வருஷத்துலேர்ந்தே."

கையில் இருந்த தட்டை வைத்தேன்.

"மணி நின்னதும் நான் தொப்பியக் கழட்டி மேல தூக்குவேன். ஊனா நிக்கிற பக்கம் சாய்ப்பேன். அவர் பாத்துட்டுப் போயிடுவாரு. இது பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசுனதில்ல."

"செடிக்குள்ள உன்னத் தெரியுமாடா அவருக்கு?"

"ஆரஞ்சுத் தொப்பிக்கா. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. அவரு மனசு ஒடஞ்சிடும்."

மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் நடிக்கிறோம். எனக்கு ஒரே நிம்மதி. இனி நான் சொல்ல வேண்டியதில்லை பார்.

நவம்பர் 21, சனி

பேய் மழை. இரண்டு பேரும் நனைந்த கோழி மாதிரி வந்தார்கள். ரொனான் இங்கேயே தங்கிவிட்டான். அவன் சட்டை, தொப்பி எல்லாம் அலசி அடுப்புக்கு மேல் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 22, ஞாயிறு

மழை விட்டது. மூடுபனி. ஆரஞ்சுத் தொப்பி இன்னும் சொட்டச் சொட்ட ஈரம். வெறுந்தலையோடு கிளம்பினான். சளி பிடிக்கும் என்று அப்பாவின் பழைய தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து நானே அவன் தலையில் வைத்தேன். பட்டை முழுக்க உள்ளான் இறகு. "அப்படியே அப்பாடா நீ" என்றேன்.

முற்பகலில் முதல் பறவையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, மறுபடி போனார்கள்.

நவம்பர் 22, சாயங்காலம்

ரொனானைச் சுட்டுட்டாரு. என் தம்பிய. முகத்துல.

நவம்பர் 25

பிரெஸ்த் ஆஸ்பத்திரி. நெஞ்சில் ஒன்றுமில்லை, கழுத்தில் இரண்டு ஈயச் சிறுகுண்டு, கையில் பல. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் காகிதத்தைப் புரட்டுகிறார்கள்.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். பெரணிச் செடிகளுக்குள், அடிவாரத்தில், மணி நின்றது. ரொனான் வழக்கம்போலத் தொப்பியைக் கழட்டித் தூக்கினான். காய்ந்த பெரணி நிறத்தில் பழுப்புத் தொப்பி, சுற்றிலும் உள்ளான் இறகு. செடிக்குள்ளிருந்து மேலே எழும்பியது.

காட்டு உள்ளான் எழும்பும்போது சிறகு படபடவென்று அடிக்கும். எந்த வேட்டைக்காரனும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் துப்பாக்கியைத் தூக்குவான். குல்வெனுக்குச் சத்தம் என்று ஒன்று இல்லை. கண் மட்டும்தான். பழுப்பாக ஒன்று எழும்பியது, சுட்டார்.

அந்தத் தொப்பியை யார் வைத்தது? நான். வாயை மூடிக்கொண்டு இருந்தது யார்? நான்தானே. நான்தானே!

நவம்பர் 30

போலீஸ்காரர்கள் துப்பாக்கியை எடுத்துப் போனார்கள். குல்வென் அதற்குரிய உறையையும் தேடி எடுத்துக் கொடுத்தார். எனக்குக் காது கேட்காது, தெரிந்தேதான் போனேன் என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் கேட்கக்கூட இல்லை.

டிசம்பர் 9

இரண்டு கண்ணும் போய்விட்டது.

டிசம்பர் 13

நிலவறையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பறவை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ரொனான் காலையில் சுட்டது. நாறிப்போயிருந்தது. ஆப்பிள் மரத்தடியில் குழி தோண்டிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனே கேட்டான், "அன்னிக்குக் காலைல நான் அடிச்சது எங்க?" என்று.

"புதைச்சிட்டேன்டா."

"அடிப்பாவி, அதையும் வீணாக்கிட்டியா?" சிரித்தான். கட்டுக்குக் கீழே வாய் மட்டும் சிரிப்பதைப் பார்க்க முடியவில்லை. பிறகு, "மச்சான் ஏன் வரல?" என்றான். என்ன சொல்வது? வண்டி நிறுத்துமிடம்வரை வருகிறார். வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

ஜனவரி 16

ரொனானை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். கீழ் அறை. குல்வென் காதுக் கருவியைப் போட்டுக்கொண்டிருக்கிறார், எழுந்ததிலிருந்து படுக்கும்வரை. இடி மாதிரி கேட்கிறது என்று இப்போது சொல்வதில்லை. ரொனான் நாற்காலியில் இடித்துக்கொள்வது அவருக்குக் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

பிப்ரவரி 3

ஒரே கூரைக்கடியில் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. குல்வென் கதவோரம் வந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். போய்விடுவார். இன்று ரொனானுக்குக் கோபம் வந்துவிட்டது. கறுங்கோதுமை அடையைத் தட்டோடு தள்ளிவிட்டான்.

"நிக்கிறீங்க, எனக்குத் தெரியும்! பூனை மாதிரி வந்து வந்து நிக்காதீங்க மச்சான்! எங்க இருக்கீங்கன்னே தெரியல, பயமா இருக்கு எனக்கு! அந்த நாய் மணிய எடுத்து நீங்க கட்டிக்கங்க!"

குத்தத்தான் சொன்னான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 4

காலையில் படியில் மணிச் சத்தம். ஊனாதான் என்று நினைத்தேன். அவள் என் காலடியில் படுத்திருந்தாள்.

குல்வென். இடுப்பு வாரில் கட்டியிருந்தார். அடுப்படிக்கு வந்து, ரொட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ரொனான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி 20

சீசன் முடிந்தது. மலைப்பக்கம் கடைசி வெடிச் சத்தங்கள். ஊனா வாசலில் நின்று குரைத்து ஓய்ந்தாள். மே மாதம் வழக்கு. தொப்பி தூக்கிய கதையை ரொனான் போலீசிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறான். வக்கீல், அது இருவருக்குமே நல்லதில்லை, இருவரும் தெரிந்தே போனதாகிவிடும் என்கிறார்.

மார்ச் 7, ஞாயிறு

பகல் சாப்பாட்டு நேரம். மேலே மணி கேட்டுக்கொண்டிருந்தது, அறைக்கும் தாழ்வாரத்துக்குமாக. இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் எங்கே இருக்கிறார் என்று ரொனான் பார்க்காமலே சொல்வான். குல்வெனுக்குத்தான் அந்த மணி இன்னும் கேட்பதில்லை, கருவி போட்டும். மணி மாதிரி உச்சத்தில் ஒலிக்கும் சத்தம் எதுவும் இனி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி நின்றது.

ரொனான் தலையைத் தூக்கினான். காட்டில் எப்படிச் சாய்ப்பானோ அப்படிக் கழுத்தைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். நானும் அகப்பையோடு நின்றேன். மணி கேட்கவில்லை. படியில் விசும்பல் மாதிரி ஏதோ. நான் படிப்பக்கம் திரும்பினேன்.

"நீ இரு அக்கா. படிலதான் உக்காந்திருக்காரு. நான் போறேன்."

சுவரைத் தடவித் தடவிப் போனான். ஊனா நிற்கும் இடத்துக்கு எப்படிப் போவானோ அப்படித்தான் போனான், அவசரமில்லாமல், காலை மெல்ல எடுத்து வைத்து. படிக்கட்டில் பலகை முனகியது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான், சூப் ஆறிப்போகும்வரை.

மூன்று பேருக்கும் சூப்பை மறுபடி சூடாக்கினேன்.